ராட்டினத்தைத் திட்டிய நர்சம்மா

பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு அருப்புக்கோட்டையில் ராட்டினம் வந்து இறங்கிவிட்டது என்று தெரிந்தால் சுற்றுப்பட்டிக்கே கால் தரையில் நிற்காது. எங்கள் பாளையம்பட்டியில் அதைக் கேட்டு முகம் சுளிக்கிற ஒரே ஆள் நர்சம்மாதான்.

“வயித்துல கெடக்குறத வாய்க்குக் கொண்டாரதுக்கு ஒரு மிசினு. அதுக்குப் போயி வரிசையில நிக்கிறாளுக” என்பார்.

அவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. ஊரே ஆசைப்படுகிற ஒன்றை ஒருத்தர் மட்டும் வேண்டாம் என்றால் அந்த ஒருத்தரைப் பார்த்துத்தானே சிரிப்பு வரும்? எனக்கும் வந்தது.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். எங்கள் தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஏதோ ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் படித்தவர். புருஷன் பர்மாவுக்குப் பிழைக்கப் போனவர். யுத்தம் வந்ததும் கடுதாசி நின்றுபோனது. வேதக்கோயிலுக்குப் பின்னால் ஒற்றை அறை வீட்டில் தனியாக இருந்தார். வெள்ளைச் சேலை, முழங்கை வரைக்கும் ரவிக்கை, கையில் ஒரு தகரப்பெட்டி. அந்தப் பெட்டியோடு அவர் தெருவில் வேகமாக நடந்துபோனால் ஏதோ ஒரு வீட்டில் பிள்ளை பிறக்கப் போகிறது என்று அர்த்தம்.

மனசில் பட்டதை வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷி. பிள்ளையில்லை என்று மருமகளைத் தள்ளிவைக்கப் பார்த்த ஒரு பஞ்சு வியாபாரியிடம், “ஒங்க மகனை மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று, பஞ்சு மூட்டைகள் அடுக்கிய அவர் கிட்டங்கியில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டு வந்தவர். வேதக்கோயில் போதகரையும் விட்டதில்லை. திருவிழாவுக்குப் போகக் கூடாது, ராட்டினம் உலக இன்பம் என்று அவர் பிரசங்கம் செய்த ஞாயிற்றுக்கிழமை, வாசலில் நிறுத்தி, “சாமி கும்புடப் போகலய்யா, காராச்சேவு வாங்கப் போவேன். அது போகட்டும், ராட்டினத்தப் போயி இன்பம்னு சொல்லிட்டீகளே, அதுல என்ன இன்பத்தக் கண்டீக?” என்று கேட்டாராம். ராட்டினத்தில் ஏறுகிறவர்களோடும் அவருக்குச் சண்டை, ஏறாதே என்கிறவரோடும் சண்டை.

திருவிழா என்றால் அவருக்கு உயிர். கடைவீதியில் நின்றபடியே சீரணி மிட்டாய் தின்பார். வளையல் கடையில் நேரம் போவது தெரியாமல் நிற்பார். ராட்டினத்தடிக்கு வந்தால் மட்டும் முகம் மாறிவிடும்.

நான் நரிக்குடிப் பக்கத்தில் பிறந்தவள். கல்யாணமாகிப் பாளையம்பட்டிக்கு வந்த முதல் பங்குனியில்தான் ராட்டினத்தையே கண்ணால் பார்த்தேன். மரத்தூணில் நாலு தொட்டில்கள் தொங்கும். இரண்டு ஆட்கள் கீழே நின்று கையால் தள்ளிவிடுவார்கள். என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, என்னை இழுத்து உட்காரவைத்துவிட்டாள். மேலே போகும்போது அருப்புக்கோட்டை முழுவதும் தெரிந்தது. கீழே வரும்போது ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள்.

இறங்கி வந்தபோது எதிரில் நர்சம்மா நின்றுகொண்டிருந்தார். அதற்கு முன் அவரிடம் நான் பேசியதில்லை.

“எப்படி இருந்துச்சு தாயி?”

“ரொம்ப நல்லா இருந்துச்சு.”

“பொய் சொல்லாத. ஒன் கைய நீட்டு.” நீட்டினேன். நடுங்கிக்கொண்டிருந்தது. அதைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். “சிரிக்கிற சத்தம் வேற, பயந்து கத்துற சத்தம் வேற. நான் நித்தம் கேக்குறவ, எனக்குத் தெரியாதா? எறக்கிவிடுன்னு புள்ளைக கத்துதுக. தள்ளுறவன் கேக்க மாட்டேங்கிறான். பெத்தவளும் கீழ நின்னு சிரிக்கிறா. கத்துனா நிறுத்தணுமில்ல? கத்துனா நிறுத்தாத எதுலயும் நான் ஏற மாட்டேன்.”

நடுக்கம் நிற்கும்வரை கையை விடவில்லை. புது ஊரில் எனக்குப் பயமாக இருந்தது என்று கண்டுபிடித்த முதல் ஆள் அவர்தான்.

அடுத்த வருஷம் ஓரகத்திக்குப் பிரசவம். பிள்ளை கால் மாறிக் கிடந்தது. ஒரு பகல் முழுக்கப் போராடி, தாயையும் பிள்ளையையும் நர்சம்மா காப்பாற்றிக் கொடுத்தார். வியர்வையில் சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. என் மாமியார் அவர் காலைத் தொட்டுக் கும்பிடப் போனார். அந்த நேரத்தில்கூட நர்சம்மாவின் வாய் சும்மா இருக்கவில்லை. “என் காலத் தொட வேணாம். அந்தப் புள்ள தாகத்துல செத்துக்கிட்டிருக்கா, ஒரு செம்புத் தண்ணி குடுங்க. பெத்தவளுக்குத் தண்ணி குடுக்கக் கூடாதுன்னு ஒங்களுக்கு எவ சொன்னா?” என்றார். எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம், கொடுத்தால் வயிறு ஊதும் என்பார்கள். மாமியாருக்கு முகம் சிறுத்துப்போனது. ஆனாலும் தண்ணீர் கொடுத்தார்.

நர்சம்மா அப்படித்தான். நன்றியையும் கோபத்தையும் ஒரே நாளில் சம்பாதித்துக்கொண்டு போவார்.

எனக்கு ஆறாம் மாசம் நடந்துகொண்டிருந்த பங்குனியில், யுத்தத்தால் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. மண்ணெண்ணெய் இல்லை, அரிசி இல்லை, பஸ்கள் கரி போட்டு ஓடின. ஆனாலும் ராட்டினம் வந்தது. முதல் நாள் காலையில் ஓரகத்தியோடு நானும் போனேன். ஏறுகிற எண்ணம் இல்லை, வேடிக்கை பார்க்கத்தான். நர்சம்மா எங்களுக்கு முன்பே அங்கே நின்று ராட்டினக்காரரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். தொட்டிலைத் தாங்குகிற இரும்பு ஆணி ஒன்று போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் ஒரு மரக்கட்டையைச் செருகிக் கயிற்றால் வரிந்து கட்டியிருந்தார்கள்.

“இது என்ன வேலை?”

“இரும்பு எங்கம்மா கெடைக்குது? எல்லாம் யுத்தத்துக்குப் போயிருச்சு. கெட்டியான கட்டைதான், ஒண்ணும் ஆகாது.”

“கட்டை முறிஞ்சா புள்ளை விழும்யா. அந்த ஒசரத்துல இருந்து விழுந்தா உசுரு தங்காது.”

“காலங்காத்தால நல்ல வார்த்தை சொல்லுங்கம்மா. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு.”

நர்சம்மா விடவில்லை. பக்கத்தில் நின்ற போலீஸ்காரரை இழுத்துவந்து கட்டையைக் காட்டினார். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, “வருசா வருசம் இந்தம்மாவுக்கு ராட்டினத்தோட இதே ரோதனை” என்று சிரித்தார். சுற்றி நின்ற கூட்டமும் சிரித்தது. தொட்டில்கள் சுற்ற ஆரம்பித்தன. நர்சம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ வீட்டுக்குப் போ தாயி. இதைப் பாத்துக்கிட்டு நிக்காத” என்றார். எனக்கு வெட்கமாகவும் எரிச்சலாகவும் இருந்தது. கூட்டத்தில் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள்.

அன்று மத்தியானம் தண்ணீருக்கு ஊருணிக்குப் போனேன். பங்குனியில் ஊருணி வற்றிக் கிடக்கும். உள்ளே ஊற்றுத் தோண்டி, சுரக்கிற தண்ணீரைச் சிரட்டையால் அள்ளிக் குடத்தில் ஊற்ற வேண்டும். ஒரு குடம் நிறைய வெகு நேரமாகும். அதுவரைக்கும் பேச்சுத்தான். பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருந்தோம். காலையில் பட்ட வெட்கம் எனக்குப் போகவில்லை. அதைச் சிரிப்பாக்கிவிட வேண்டும் போலிருந்தது. எழுந்து நின்று, சேலையை நர்சம்மா மாதிரி இழுத்துச் செருகிக்கொண்டு, கழுத்தை நீட்டி, அவர் குரலிலேயே பேசிக்காட்டினேன்.

“புள்ளை விழும்யா! உசுரு தங்காது! பாத்துக்கிட்டே இருங்க!”

ஊருணியே சிரித்தது. இன்னொரு தடவை செய், இன்னொரு தடவை செய் என்றார்கள். செய்தேன். மூன்று தடவை செய்தேன் என்று நினைக்கிறேன்.

‘கட்டை முறிஞ்சா’ என்று நர்சம்மா சொன்னதை நான் சொல்லவில்லை. வேண்டுமென்று விட்டேனா என்றால் இல்லை. அதைச் சேர்த்துச் சொன்னால் சிரிப்பு வராது. ‘பாத்துக்கிட்டே இருங்க’ என்பது நானாகச் சேர்த்தது.

மறுநாள் பொழுது சாய்வதற்கு முன்னால் கட்டை முறிந்தது. தொட்டிலில் இருந்த மூன்று பேரில் இரண்டு பேருக்குக் கையும் காலும் ஒடிந்தன. மூன்றாவது, எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருந்த தறிகாரர் மகள் வள்ளி. ஏழு வயசு. அத்தைக்காரியோடு போயிருந்தாள்.

நான் தெருவில் நின்றபோது மாட்டுவண்டி வந்தது. நர்சம்மா வண்டியில் உட்கார்ந்து வள்ளியை மடியில் வைத்திருந்தார். அந்த வெள்ளைச் சேலையில் வெள்ளை எவ்வளவு மிச்சமிருந்தது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வள்ளி அவர் கையில் பிறந்த பிள்ளை. வண்டி நின்ற பிறகும் அவர் இறங்கவில்லை. வள்ளியின் அம்மா வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்து பிள்ளையைப் பிடுங்கினாள். அப்போதுதான் நர்சம்மா பேசினார். “வலிக்கல. அவளுக்கு வலியே தெரியல” என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

முதல் இரண்டு நாள் ராட்டினக்காரரைத்தான் ஊர் திட்டியது. அவர் ராவோடு ராவாகப் பிரித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போயிற்று. மூன்றாம் நாள் துக்க வீட்டில் உட்கார்ந்திருந்தோம். கூட்டத்தில் ஒருத்தி, யாரிடமோ சொல்வதுபோல, “மொத நாளே சொல்லுச்சாமே அந்தம்மா. புள்ளை விழும், பாத்துக்கிட்டே இருங்கன்னு” என்றாள்.

எனக்கு வயிற்றுக்குள் என் பிள்ளை புரண்டது.

“அப்படியா சொல்லுச்சு?”

“ஊருணியில எல்லாரும் பேசிக்கிட்டாக. சொன்ன மறுநாளே நடந்திருச்சு பாரு.”

“கருநாக்கு. வேற என்ன?”

அந்த வார்த்தை விழுந்ததும் வள்ளியின் அம்மா தலையைத் தூக்கினாள். அந்த நேரம் பார்த்து நர்சம்மா துக்கம் கேட்க உள்ளே வந்தார். கையில் பெட்டி இல்லை, வெறும் கையோடு வந்திருந்தார்.

“ஏண்டி வந்த?” வள்ளியின் அம்மா எழுந்து நின்றாள். “பாத்துக்கிட்டே இருங்கன்னு சொன்னியாமே! பாத்துட்டியா? ஒன் வாயால எம்புள்ளையத் தின்னுட்டு, இப்ப எதப் பாக்க வந்த?”

நர்சம்மா சொன்னது அப்படியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கட்டை முறிஞ்சா என்றுதானே சொன்னேன், போலீஸ்காரரைக் கேளுங்கள் என்றிருக்கலாம். வாய் திறக்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த பெண்களை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வை என்மேல் கொஞ்சம் நின்றது. என் வயிற்றைப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய்விட்டார்.

நான் சொல்லியிருக்கலாம். முந்தானையை வயிற்றின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அந்தத் தகரப்பெட்டி தெருவில் நடக்கவில்லை. அவர் எதிரே வந்தால் பிள்ளைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள். கடைக்காரர் அவரைத் தள்ளி நிற்கச் சொன்னார். திருச்சுழிப் பக்கத்திலிருந்து ஒரு மருத்துவச்சியைக் கூட்டிவந்து பிரசவம் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த அம்மாவும் கெட்டவர் இல்லை. ஆனால் சிக்கலான பிரசவம் பார்த்தவர் இல்லை.

ஆனி மாசம் எனக்கு வலி கண்டது. ஒரு நாள் போய் மறுநாள் பகல் ஆனது, பிள்ளை வரவில்லை. மருத்துவச்சிக்கு முகம் இருண்டுவிட்டது. “நர்சம்மாவக் கூப்பிடுங்க அத்தை” என்று கெஞ்சினேன்.

“அவ நெழலு இந்த வீட்டுல விழக் கூடாது தாயி. ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.” மாமியார் அழுதுகொண்டேதான் சொன்னார். அவரைக் கொடுமைக்காரி என்று நான் சொல்ல மாட்டேன். பயந்திருந்தார். பேரப்பிள்ளை உயிருக்காகப் பயந்திருந்தார்.

என் வீட்டுக்காரர் யாருக்கும் சொல்லாமல் போய்க் கூப்பிட்டிருக்கிறார். நர்சம்மா ஓடிவந்துவிட்டார். மாமியார் வாசலில் குறுக்கே கை நீட்டி நின்றார். சண்டைச் சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு ஜன்னல் பக்கமாக நர்சம்மாவின் குரல் வந்தது. உள்ளே விடாததால் தெருவில் நின்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

“தாயி, எடது பக்கமாத் திரும்பிப் படு! ஏம்மா மருத்துவச்சி, கொடி கழுத்துல சுத்தியிருக்கான்னு வெரல விட்டுப் பாருங்க! சுத்தியிருந்தா தளத்தி விடுங்க! முக்கச் சொல்லாதீக, கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க! அவளுக்குத் தண்ணி குடுங்க!”

மாமியார் வந்து ஜன்னலைச் சாத்தினார்.

பெண் பிள்ளை. கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. நல்ல நிறம், தலை நிறைய முடி. அழவில்லை.

“வாசல்ல வந்து நின்னு வாய வச்சா. அதான்” என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். கூடியிருந்த பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

முப்பது நாள் கழித்து, ஊருணிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வேதக்கோயிலுக்குப் பின்னால் போனேன். நர்சம்மா சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். தூரத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது, மறுநாள் காலை மதுரை பஸ்ஸுக்குப் போகிறேன் என்றார். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, “பால் கட்டிக்கிட்டு வலிச்சுச்சா தாயி?”

தலையாட்டினேன். அருகில் உட்காரவைத்து, ரவிக்கையைத் தளர்த்திப் பார்த்தார். ஒரு பக்கம் இன்னும் கட்டியிருந்தது. வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றிக்கொடுத்தார். பாலெல்லாம் துணியில் இறங்கியது. அப்போதுதான் நான் முதல் தடவையாக வாய்விட்டு அழுதேன். அதுவரைக்கும் அழுகை வந்திருக்கவில்லை.

ஒன்று மட்டும் நான் அவரிடம் கேட்கவில்லை. நீங்கள் உள்ளே வந்திருந்தால் என் பிள்ளை பிழைத்திருக்குமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் உண்மையைச் சொல்லியிருப்பார்.

“நாந்தான்” என்றேன். “ஊருணியில ஒங்கள மாதிரி பேசிக்காட்டுனது நாந்தான். முறிஞ்சான்னு நீங்க சொன்னத நாந்தான் சொல்லாம விட்டேன்.”

“தெரியும்.”

“ஆரு சொன்னா?”

“நானும் அன்னிக்குத் தண்ணிக்கு வந்தேன். கரையில கருவேல மரத்தடியில நின்னேன். என் கழுத்த நீட்டி, கையத் தூக்கி, நல்லாத்தான் பேசிக்காட்டுன. நானே சிரிச்சுட்டேன்.” துணியைப் பிழிந்து உதறினார். “நீங்க சிரிக்கிற எடத்துல நான் வந்து நின்னா சிரிப்பு நின்னுரும்னு வெறுங்கொடத்தோட திரும்பிட்டேன்.”

“அப்ப வள்ளியோட அம்மா அப்படிக் கேட்டப்ப, நான் சொல்லல, இவதான்னு என்னயக் காட்டியிருக்கலாமே?”

அவர் என்னைப் பார்க்காமல் மூட்டையின் முடிச்சை இறுக்கினார்.

“புள்ளைய மண்ணுக்குள்ள வச்சுட்டு வந்து உக்காந்திருக்கா. அவ கோவத்த எங்கயாச்சும் எறக்கணும். ஒன்னக் காட்டியிருந்தா ஒன் மேல பாஞ்சிருப்பா. ஆறு மாசம் ஒனக்கு. அந்த அதிர்ச்சியத் தாங்குவியா நீ? என் மேல எறக்கிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.” மூட்டையைச் சுவரோரம் தள்ளிவைத்து, “ஒன் புள்ள நல்லபடியாப் பொறக்கணுமேன்னுதான் பேசாம வந்தேன்” என்றார்.

என் முந்தானையைச் சரிசெய்து அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அடுப்படியில் உட்கார்ந்தபடியே எரிகிற விறகை வெளியே இழுத்து அணைத்தார். பிறகு எழுந்து வந்து என் வாயைத் தன் கையால் பொத்தினார். “வெளிய சொல்லிறாத. அந்தம்மா போகப் போற ஆளு. நாம இந்தத் தெருவுல இருக்கணும்” என்றார்.

மறுநாள் காலை மதுரை பஸ் கிளம்புகிற நேரத்தில் நான் வீட்டு வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். போகவில்லை.

எனக்கு அப்புறம் மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். வள்ளியின் அம்மாவுக்கு வேறு பிள்ளை இல்லை. என் பிள்ளைகளைத் தன் பிள்ளைகள் மாதிரி வளர்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் என்று என்மேல் அவளுக்குத் தனிப் பிரியம். மத்தியானம் வேலை ஓய்ந்ததும் என்னோடு வந்து உட்காருவாள். ஒவ்வொரு பங்குனியிலும் நர்சம்மாவைச் சபிப்பாள். அந்த நாக்கு அழுகிப் போகணும் என்பாள். ஒனக்கும் எனக்கும் ஒரே ஆளால வந்த கேடு என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள்.

அவள் சாகும்வரை நாற்பது பங்குனி வந்துபோயிற்று. நாற்பதிலும் நான் அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை.